நாலு நிமிடம் அதிகமா, குறைவா? ஃபிகர் ஸ்கேட்டிங் ஆட்ட நேரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்கால ஒலிம்பிக்ஸ் வந்துவிட்டால் எங்கள் வேளச்சேரி அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் எனக்கு மட்டும் வேலை கூடிவிடும். ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு நடுராத்திரியில் பனித்தளத்தைப் பார்க்கிற ஆள் இந்த பிளாக்கில் நான் ஒருவன்தான். "ஏன் சார், அவ்வளவு அழகா ஆடுறாங்க, பொசுக்குனு முடிச்சிடுறாங்களே?" என்று ஒருவர் கேட்பார். அடுத்த நிமிடமே இன்னொருவர், "ஒரே மாதிரி இருக்கு, இதுக்கு எதுக்கு நாலு நிமிஷம்?" என்பார். இரண்டு பேரும் ஒரே ஆட்டத்தைத்தான் பார்த்திருப்பார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரு ஆட்டம் மொத்தம் எவ்வளவு நேரம்?

பெரியவர்கள் பிரிவில் ஒவ்வொருவரும் இரண்டு முறை ஆட வேண்டும். முதலில் ஷார்ட் புரோகிராம், 2 நிமிடம் 40 நொடி. பிறகு ஃப்ரீ ஸ்கேட், 4 நிமிடம். ஐஸ் டான்ஸ் பிரிவில் (இருவர் சேர்ந்து, பெரிய குதிகள் இல்லாமல் ஆடும் நடனம்) முதல் ஆட்டத்தை ரிதம் டான்ஸ் என்பார்கள், அது 2 நிமிடம் 50 நொடி. இரண்டாவது ஃப்ரீ டான்ஸ், அதுவும் 4 நிமிடம். ஜூனியர்களுக்கு ஃப்ரீ ஸ்கேட் மூன்றரை நிமிடம். எதிலும் பத்து நொடி முன்னே பின்னே இருக்கலாம். அதாவது 4 நிமிட ஆட்டத்தை 3:50-க்கும் 4:10-க்கும் நடுவில் எங்கே முடித்தாலும் தப்பில்லை.

ஆண், பெண், ஜோடி எல்லோருக்கும் ஒரே 4 நிமிடம் என்று ஆனது 2018-19 சீசனிலிருந்துதான். அதற்கு முன்னால் ஆண்களுக்கும் ஜோடிகளுக்கும் நாலரை நிமிடம், பெண்களுக்கு 4. இன்னும் பின்னால் போனால் ஆண்கள் 5 நிமிடம் ஆடிய காலமும் உண்டு. ஆக இந்த விளையாட்டில் ஆட்ட நேரம் சுருங்கிக்கொண்டேதான் வந்திருக்கிறது.

எதற்கு இரண்டு ஆட்டம்? ஒன்றே போதாதா?

இது சரித்திரம் விட்டுவைத்த தழும்பு. "ஃபிகர்" என்ற பெயரே பனியில் வரைந்த வடிவங்களிலிருந்து வந்தது. எட்டு போட்ட கோட்டின் மேலேயே மறுபடி மறுபடி சறுக்க வேண்டும். நடுவர்கள் குனிந்து, கோடு எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். இதைப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது, ஆனால் மொத்த மதிப்பெண்ணில் பெரும்பங்கு இதற்குத்தான்.

1972 சப்போரோ ஒலிம்பிக்ஸில் இது அம்பலமானது. ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா கோடு வரைவதில் எட்ட முடியாத முன்னிலை பெற்றுவிட்டார். ஃப்ரீ ஸ்கேட்டில் அவர் ஏழாவதாக வந்தும் தங்கம் அவருக்கே. ஃப்ரீ ஸ்கேட்டில் முதலாவதாக வந்த அமெரிக்காவின் ஜேனட் லின்னுக்கு வெண்கலம். டிவியில் ஃப்ரீ ஸ்கேட்டை மட்டும் பார்த்தவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மறு ஆண்டே, 1973-ல், ஷார்ட் புரோகிராம் வந்தது. கோடு வரைதலின் பங்கு குறைந்துகொண்டே போய் 1990-க்குப் பிறகு அடியோடு நின்றுவிட்டது. ஷார்ட் புரோகிராம் மட்டும் தங்கிவிட்டது.

இப்போது இரண்டுக்கும் வேலை வேறு வேறு. ஷார்ட்டில் ஏழு உருப்படி. இன்னின்னதைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஒன்று தவறினால் ஈடுகட்ட இடமில்லை. (குதி, சுழற்சி, காலடி வரிசை என ஆட்டத்துக்குள் மதிப்பெண்ணுக்காகச் செய்யும் ஒவ்வொன்றையும் இந்தப் பக்கத்தில் உருப்படி என்று சொல்கிறேன். சபாக்காரர்கள் மன்னிக்க.) ஃப்ரீயில் 12 உருப்படி: ஏழு குதி, மூன்று சுழற்சி, ஒரு காலடி வரிசை, நடுவர் அளவுகோல் அவ்வளவாக இறுக்காத ஒரு கோரியோகிராஃபிக் வரிசை.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கும்? பாட்டு தொடங்கும்போதா?

இல்லை. ஆடுபவர் அசையத் தொடங்கும் நொடியில் தொடங்கி, கடைசியில் முழுதாக நிற்கும் நொடியில் முடியும். பாட்டு முன்னமே ஓடத் தொடங்கலாம்.

இந்தச் சின்ன இடைவெளியில் நடந்த கதைதான் எனக்கு இந்த விளையாட்டிலேயே ரொம்பப் பிடித்தது. 1984 சரயேவோ ஒலிம்பிக்ஸ். பிரிட்டனின் ஜேன் டார்வில், கிறிஸ்டோஃபர் டீன் ஜோடி ராவெலின் 'பொலேரோ'வுக்கு ஃப்ரீ டான்ஸ் ஆட முடிவு செய்தார்கள். அசல் இசை கால் மணி நேரத்துக்கு மேல் போகும். ஒரே தாளம், ஒரே மெட்டு, மெதுவாக ஏறிக்கொண்டே போகும். எப்படி வெட்டினாலும் 4 நிமிடம் 28 நொடிக்குக் கீழே வரவில்லை. விதிப்படி உச்சவரம்பு 4:10. பதினெட்டு நொடி உதைக்கிறது.

விதிப் புத்தகத்தைப் பார்த்தார்கள். ஸ்கேட்டின் பிளேடு பனியில் ஓடத் தொடங்கும்போதுதான் அன்றைய கணக்கு தொடங்கியது. சரி என்று இருவரும் பனியில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார்கள். உடம்பும் கையும் மட்டும் அசைய, இசை ஓடியது, கடிகாரம் ஓடவில்லை. அந்த நொடிகள் கழிந்து எழுந்து பிளேடை வைத்ததும்தான் கணக்கு. கலைநயத்துக்கு ஒன்பது நடுவர்களும் முழு மதிப்பெண் 6.0 போட்டார்கள். இன்றைக்குப் பார்த்தாலும் அந்த முழங்கால் தொடக்கத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நேரக் கட்டுப்பாடு இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் காட்சியே பிறந்திருக்காது. இன்றைய விதியில் "அசைவது" என்றே இருப்பதால் அந்த வித்தை இனி செல்லாது.

நேரம் தப்பினால் என்ன ஆகும்?

குறைந்தாலும் கூடினாலும் ஒவ்வொரு ஐந்து நொடிக்கும் ஒரு புள்ளி போகும். வரம்பு தாண்டிய பிறகு தொடங்கும் உருப்படிக்கு மதிப்பே கிடையாது. ஒரு புள்ளி என்ன பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்ஸ் பெண்கள் பிரிவில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவில் இருந்த தூரம் 1.31 புள்ளி.

பெயர் கூப்பிட்டதும் தொடக்க நிலைக்கு வந்து நிற்கவும் 30 நொடிதான். அதைத் தாண்டினாலும் ஒரு புள்ளி. கோச்சின் கையைப் பிடித்து, மூக்கைத் துடைத்து, தண்ணீர் குடித்து, ஒரு சுற்று சுற்றி வருவதெல்லாம் அந்த அரை நிமிடத்துக்குள்தான்.

நாலு நிமிடம் ஆடுவதில் அப்படி என்ன கஷ்டம்? எங்கள் பெண் ஆண்டுவிழாவில் ஏழு நிமிடம் ஆடுகிறாளே?

குழந்தைக்கு வாழ்த்துகள். கேள்வி நியாயமானதுதான், டிவியில் பார்க்க அவ்வளவு லேசாகத் தெரிகிறது.

1500 மீட்டர் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொராக்கோவின் ஹிஷாம் எல் கெரூஜ் 1998-ல் போட்ட உலக சாதனை 3 நிமிடம் 26 நொடி. ஃப்ரீ ஸ்கேட் அதைவிட அரை நிமிடம் அதிகம். ஓட்டக்காரர் முகத்தைச் சுளிக்கலாம், வாயைப் பிளந்து மூச்சு வாங்கலாம், முடிந்ததும் தரையில் சாயலாம். ஸ்கேட்டர் சிரிக்க வேண்டும். கை விரல் நுனிவரை அழகாக இருக்க வேண்டும். நடுநடுவே குதித்து, முக்கால் நொடிக்குள் மூன்று நான்கு முறை சுழன்று, உடல் எடையைப் போல் பல மடங்கு விசையோடு ஒற்றைக் காலில், அதுவும் பின்பக்கமாக, இறங்க வேண்டும்.

ஒருநாள் ராத்திரி இதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஏழு குதி உருப்படியில் மூன்று தொடர் குதிகளாக இருக்கலாம், அதில் ஒன்றில் மூன்று குதி வரலாம். ஆக அதிகபட்சம் பதினொரு குதி. ஒவ்வொன்றுக்கும் முக்கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்தால், காற்றில் இருப்பது மொத்தமே ஏழெட்டு நொடி. மீதி 232 நொடியும் அந்த ஏழெட்டு நொடிக்காகத்தான் என்பதுபோல் ஆகிவிடுகிறது. வேகம் எடுக்க வேண்டும், வளைவில் திரும்ப வேண்டும், 60 மீட்டருக்கு 30 மீட்டர் தளத்தில் இடம் பார்க்க வேண்டும், குதித்து இறங்கிய பிறகு வேகத்தை மீட்க வேண்டும்.

மூன்றாவது நிமிடத்துக்குப் பிறகு காலைக் கவனியுங்கள். தொடக்கத்தில் ஆழமாக வளைந்த முழங்கால் விறைத்துப் போயிருக்கும். அழகாக நீண்ட கை பாதியில் நிற்கும். கடைசிச் சுழற்சியில் உட்கார வேண்டியவர் பாதிதான் உட்காருவார். ஆட்டம் தானாகவே ஒரு சுருதி இறங்கிவிடும்.

அப்படியானால் இரண்டாம் பாதியில் குதிப்பது இன்னும் கஷ்டமாயிற்றே?

அதனால்தான் அதற்குப் போனஸ் வைத்தார்கள். ஆட்டத்தின் பாதி தாண்டிய பிறகு செய்யும் குதிகளுக்கு 10 சதவீதம் கூடுதல். கேட்க நியாயம். ஆனால் விதி என்று ஒன்று வந்தால் அதில் சந்து கண்டுபிடிக்க ஆள் வராமலா போகும்?

2018 பியோங்சாங்கில் ரஷ்யாவின் அலினா ஜாகிடோவா, அப்போது வயது 15, ஃப்ரீ ஸ்கேட்டின் ஏழு குதிகளையும் இரண்டாம் பாதிக்குத் தள்ளிவிட்டார். முதல் இரண்டு நிமிடம் ஒரு குதிகூடக் கிடையாது. சுழற்சி, காலடி, பாவனை மட்டும். பிறகு மூச்சுவிட நேரமில்லாமல் குதிமேல் குதி. தங்கம் அவருக்கே. முதலில் சொன்ன அந்த 1.31 புள்ளி இவருக்கும் யெவ்கேனியா மெட்வெடேவாவுக்கும் நடுவிலிருந்த தூரம்தான். வேடிக்கை என்னவென்றால் ஃப்ரீ ஸ்கேட்டில் இருவருக்கும் சரிசமமாக 156.65.

அவரைக் குறை சொல்ல நான் ஆளில்லை. அந்த வயதில் அந்த மூச்சு இருப்பதே பெரிய விஷயம். ஆனால் பார்க்க அது இலையில் முதலில் கூட்டு பொரியல் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் வெறும் சோறு மட்டும் தின்பதுபோல் இருந்தது. அடுத்த சீசனிலேயே விதி மாறியது. இப்போது ஷார்ட்டில் கடைசி ஒரு குதிக்கும், ஃப்ரீயில் கடைசி மூன்று குதிகளுக்கும் மட்டும்தான், அதுவும் இரண்டாம் பாதியில் வந்தால்தான், போனஸ்.

2018-ல் ஏன் அரை நிமிடத்தை வெட்டினார்கள்? நன்மை இருந்ததா?

சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2016-ல் டுப்ரோவ்னிக் நகரில் கூடி எடுத்த முடிவு, 2018-19 சீசனில் அமலுக்கு வந்தது. நேரத்தோடு ஆண்களுக்கு ஒரு குதியையும் குறைத்தார்கள், எட்டு ஏழானது.

போட்டி நேரம் குறையும் என்பது ஒரு வாதம். சரி, கூட்டிப் பார்ப்போம். உலகப் போட்டியில் ஃப்ரீ ஸ்கேட்டுக்கு வருவது 24 பேர். ஆளுக்கு அரை நிமிடம் என்றால் மிச்சம் 12 நிமிடம். ஆண்கள் ஃப்ரீ ஸ்கேட் மொத்தம் நாலு மணி நேரம் போகிறது. சென்ட்ரலில் நாலு மணி நேரம் லேட்டாக வந்த ரயிலை, பேசின் பிரிட்ஜில் நிற்க விடாமல் விட்டோம் என்று பெருமைப்படுவதுபோல் இது.

இனி என் மனசில் உறுத்தும் கணக்கு. பழைய ஆண்கள் ஃப்ரீயில் 270 நொடிக்கு 13 உருப்படி, ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட 21 நொடி. புதியதில் 240 நொடிக்கு 12, சரியாக 20 நொடி. ஒரு நொடி போயிற்று, அவ்வளவுதானே என்று விடலாம். ஆனால் ஷார்ட்டைப் பாருங்கள்: 160 நொடிக்கு ஏழு உருப்படி, ஒவ்வொன்றுக்கும் 23 நொடி. பேரில்தான் அது "ஷார்ட்", உள்ளே அதில்தான் இடம் தாராளம். ஷார்ட் புரோகிராம் பெரும்பாலும் ஒரு கவிதைபோல் நிற்பதும், ஃப்ரீ ஸ்கேட் பல சமயம் வேலைப் பட்டியல்போல் ஓடுவதும் ஏன் என்று இந்தக் கணக்கு போட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

அப்போது சரியான நீளம் எது என்கிறீர்கள்?

நாலு நிமிடம் சரிதான். அதைத் தொட வேண்டாம். உடம்பு தாங்கும் எல்லையும் அதுதான், பாட்டு ஒன்று தொடங்கி ஏறி முடியவும் அது போதும். குறைக்க வேண்டியது நொடிகளை அல்ல, உருப்படிகளை. பன்னிரண்டைப் பத்தாக்கிப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் 24 நொடி கிடைக்கும். அந்தக் கூடுதல் நாலு நொடியில் ஒன்றுமே செய்யாமல், ஒரே காலில் நீளமாக ஒரு வளைவில் போகலாம். ஸ்கேட்டிங்கில் சறுக்கு என்ற ஒன்று இருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

இதை எதிர்ப்பவர்கள் சொல்வதும் எனக்குத் தெரியும். உருப்படியைக் குறைத்தால் அந்த நேரத்தை இன்னும் பெரிய குதிக்கு வேகம் எடுக்கத்தான் பயன்படுத்துவார்கள் என்பார்கள். இருக்கலாம். 2022-ல் அமெரிக்காவின் இலியா மாலினின் நாலரைச் சுற்று ஆக்ஸெல் குதியை (முன்பக்கம் பார்த்து எழும்பும் குதி அது) போட்டியில் முதன்முதலாக வெற்றிகரமாக இறக்கிவிட்டார். அந்தப் பசி அடங்காது. ஆனாலும் நாலு நொடியில் இரண்டை அவர்கள் எடுத்துக்கொண்டால் மீதி இரண்டு நமக்கு.

மார்கழிக் கச்சேரியோடு இதை ஒப்பிடலாமா? அங்கே பரதநாட்டியத்தில் வர்ணமே முக்கால் மணி நேரம் ஆடுகிறார்களே?

மயிலாப்பூர் மாமி ஒருவர் கேட்டது இது. நல்ல கேள்வி.

வர்ணம் நீளம் மட்டுமல்ல, கட்டமைப்பும் வேறு. ஜதி வரும்போது கால் பறக்கும், தீர்மானம் முடிந்ததும் சாகித்யம் வரும், ஆடுபவர் சஞ்சாரியில் இறங்குவார். கண்ணும் கையும் கதை சொல்லும்போது கால் கொஞ்சம் ஆறும். மூச்சு வாங்குவதையே முகபாவமாக மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்கள் உண்டு. அந்த ஓய்வை ஆட்டத்துக்குள்ளேயே கட்டி வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். அதனால்தான் முப்பது நாற்பது நிமிடம் தாங்குகிறது.

பனியில் அந்த ஏற்பாடு இல்லை. நின்றால் மதிப்பெண் இல்லை. மூச்சு வாங்க நின்ற இரண்டு நொடியையும் நடுவர் கவனிப்பார். ஆகவே நாலு நிமிடத்தையும் வர்ணத்தையும் கடிகாரத்தில் ஒப்பிட்டால் ஒன்றும் கிடைக்காது.

கச்சேரியும் சுருங்கித்தானே வந்திருக்கிறது? நாலைந்து மணி நேரக் கச்சேரிகள் இப்போது இரண்டு, இரண்டரை மணியில் முடிகின்றன. ராகம் தானம் பல்லவிக்கு நேரம் இல்லை என்ற புலம்பலைக் கேன்டீன் வரிசையில் கேட்டிருப்பீர்கள். ஸ்கேட்டிங் ரசிகர்களின் புலம்பலும் அதே ராகம்தான்.

மதிப்பெண் கவலை இல்லாமல் ஆடினால் ஒருவரால் எவ்வளவு நேரம் ஆட முடியும்?

2014, 2018 ஒலிம்பிக் சாம்பியன் ஜப்பானின் யுஸுரு ஹன்யு போட்டிகளிலிருந்து விலகிய பிறகு, 2023 பிப்ரவரியில் டோக்கியோ டோமில் தனியாளாக ஒரு முழு நிகழ்ச்சி நடத்தினார். நடுவில் வீடியோ, உடை மாற்றம் எல்லாம் உண்டு. அந்த மூச்சு விடும் ஏற்பாடுதான் அதை நடக்க வைத்தது. மாமியின் வர்ணக் கதைதான் இது.

சென்னையில் இதை எங்கே கற்றுக்கொள்வது?

பனியில் என்றால், கஷ்டம். சர்வதேச அளவிலான பனித்தளம் சென்னையில் இல்லை. ஈசிஆர் பக்கம் பனிப் பூங்காவில் ஜெர்கின் மாட்டிக்கொண்டு விழுந்து எழுவது வேறு விஷயம். நாட்டில் டேராடூனில் 2011 தெற்காசிய குளிர்காலப் போட்டிகளுக்காகக் கட்டிய உள்ளரங்கத் தளம் இருக்கிறது, சிம்லாவில் குளிர்காலத்தில் திறந்தவெளியில் இயற்கையாகவே உறையும் தளம் இருக்கிறது. இரண்டும் நமக்கு ரயில் டிக்கெட் தூரம்.

சக்கரத்தில் என்றால் கவலையே இல்லை. சக்கர ஸ்கேட்டிங்கில் இந்த ஊர் சாதாரண ஊர் இல்லை. சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டர் தங்கம் வென்றார், ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில். அது வேகப் பந்தயம். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்குச் சக்கரத்தில் அண்ணன் தம்பி உறவு, ஆர்ட்டிஸ்டிக் ரோலர் ஸ்கேட்டிங். அதே ஆக்ஸெல், அதே சுழற்சி, சிமென்ட் தரை. விழுந்தால் பனியைவிட வலிக்கும், முட்டித் தோலும் போகும். 2010 குவாங்ஜோ ஆசியப் போட்டியில் அதில் இந்தியாவின் அனூப் குமார் யாமா இரண்டு வெண்கலம் வாங்கினார்.

குழந்தையின் போட்டிக்குப் பாட்டை எப்படி வெட்டுவது?

நான் செய்த தப்பைச் செய்யாமல் இருந்தால் போதும்.

அண்ணன் மகளுக்குப் பத்து வயது, ஆர்ட்டிஸ்டிக் ரோலர் பழகுகிறாள். ஒரு சின்னப் போட்டி, ஆட்டத்துக்கு இரண்டரை நிமிடம். "பாட்டை நான் வெட்டித் தர்றேன்" என்று வீராப்பாக வாங்கிக்கொண்டேன். நம் சினிமாப் பாட்டு நாலு நிமிடத்துக்கு மேல் இருக்கும். பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி இடையிசை, இன்னொரு சரணம். போனில் ஒரு ஆப் போட்டு, முதல் இடையிசையோடு கடைசிப் பல்லவியை ஒட்டி, கடைசியில் வயலின் மட்டும் தேய்ந்து மறைவதுபோல் வைத்தேன். காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டபோது அமிர்தம். நேரமும் சரியாக இருந்தது.

சாயங்காலம் ஆறரை மணி. சிமென்ட் தளம் இன்னும் பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. அவள் நன்றாகவே ஆடினாள். கடைசிச் சுழற்சி முடிந்து, முன்பக்க ரப்பர் ஸ்டாப்பர் கிரீச் என்று தேய, ஒரு கையைத் தூக்கி நின்றாள். வயலின் நிற்கவில்லை. பயிற்சியில் ஸ்பீக்கரைத் தள்ளி வைத்திருந்ததால் அந்தத் தேய்ந்த முடிவு யார் காதிலும் விழுந்ததே இல்லை. இங்கே பெரிய ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. ஆறு நொடி. கை மெல்ல நடுங்கியது, வியர்வை தாடையிலிருந்து சொட்டியது. மெரினாவில் காந்தி சிலை நிற்கும், இவள் எதற்கு நிற்கிறாள் என்பதுபோல் ஒரு சின்னப் பையன் தன் அம்மாவிடம் ஏதோ கேட்டான். இறங்கி வந்ததும் முதல் கேள்வி: "சித்தப்பா, பாட்டு ஏன் முடியவே இல்ல?"

அன்றிலிருந்து நான் பின்பற்றுவது இவைதான். முடிவைத் தேய விடாதீர்கள், மிருதங்கத் தீர்மானம்போல் தட்டென்று முடிகிற இடமாகப் பாருங்கள். வெட்டை இரண்டு வரிகளுக்கு நடுவில் வைக்காமல் தாளம் விழும் இடத்தில் வையுங்கள். குழந்தை களைத்துப் போகும் இடம் பயிற்சியாளருக்குத் தெரியும், அவரைக் கேட்டு அந்த இடத்தில் மெதுவான இடையிசை வருமாறு ஒட்டுங்கள். கடைசியாக, அதைப் பெரிய ஸ்பீக்கரில் ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.

பாட்டில் வார்த்தை வரலாமா?

வரலாம். ஐஸ் டான்ஸில் முன்பே அனுமதி உண்டு, தனிநபருக்கும் ஜோடிக்கும் 2014-15 சீசனிலிருந்து. என் கருத்தில் வார்த்தை வந்த பிறகு பாட்டை வெட்டுவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. இசையை எங்கே வேண்டுமானாலும் நறுக்கலாம், வாக்கியத்தை நடுவில் நறுக்கினால் அசிங்கமாகத் தெரியும்.

போட்டி ஏன் நாலு மணி நேரம் இழுக்கிறது?

24 பேர், ஆளுக்கு 4 நிமிடம் என்றால் உண்மையான ஆட்டம் 96 நிமிடம்தான். ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஆறு நிமிடம் வார்ம்-அப். நடுவில் வண்டி வந்து பனியைத் தேய்த்துச் சமமாக்கும். மீதி நேரம் முழுக்க மதிப்பெண்ணுக்காகக் காத்திருப்பதுதான். ஆடி முடித்தவரும் கோச்சும் உட்காரும் பெஞ்சுக்குக் கிஸ் அண்ட் க்ரை என்று பேர் வைத்ததில் தப்பே இல்லை. எனக்கு அந்த நேரத்தில்தான் அடுக்களைக்குப் போய்க் காபி போட நேரம் கிடைக்கிறது.

முதல்முறை பார்க்கிறேன். எதைப் பார்ப்பது?

போனில் ஸ்டாப்வாட்சை எடுத்து, ஆடுபவர் அசைந்ததும் அழுத்துங்கள். யார் விழுகிறார்கள் என்று பார்ப்பதை முதல் ஆட்டத்தில் விட்டுவிடுங்கள். 3:10 வரும்போது பாட்டு எங்கே இருக்கிறது, ஆள் எங்கே இருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலானவர்கள் அப்போது பாட்டுக்குக் கொஞ்சம் பின்னால் போயிருப்பார்கள். எங்காவது ஒருவர் அந்த நேரத்தில் பாட்டோடு சேர்ந்தே போய்க்கொண்டிருந்தால், காபியைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள்.